ஜாக்கெட் அளவில் வெட்டுப்பட்ட கிளிகள்

சாமு,

நீ ஹாலில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருக்கிறாய். நான் பத்தடி தள்ளிச் சமையலறையில் உட்கார்ந்து உனக்குக் கடிதம் எழுதுகிறேன். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று இந்த வாரத்தில் நான்கு தடவை உன் அறை வாசல் வரை வந்தேன். நான்கு தடவையும் "சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். கடைசித் தடவை நீயே, "இப்பதானேம்மா சாப்பிட்டேன், நீதானே பரிமாறினே" என்றாய். எனக்கு வயதாகிவிட்டது என்று நினைத்திருப்பாய். வயதும் ஆகிவிட்டதுதான். ஆனால் அதனால் இல்லை.

நேற்று மத்தியானம் ஷீபாவின் கல்யாண ஜாக்கெட்டை வெட்ட உட்கார்ந்தேன். முப்பது வருடமாக இந்தச் சிட்லபாக்கத்தில் ஜாக்கெட் தைக்கிறேன். அளவு ஜாக்கெட்டை மேலே விரித்துப் போட்டுச் சாக்பீசால் கோடு இழுக்க எனக்குக் கண்கூடத் தேவையில்லை. கோடு போட்டு முடித்துவிட்டுப் பார்த்தால், இரண்டு கையிலும் அக்குளுக்குக் கீழே கால் அங்குலம் உள்ளே போயிருந்தது. கால் அங்குலம் குறைந்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது. போட்டுக்கொள்ளலாம், நிற்கலாம், போட்டோவுக்குச் சிரிக்கலாம். கையைத் தூக்கி உன் கழுத்தில் மாலை போடும்போது மட்டும் பிடித்து இழுக்கும். அத்தனை பேர் முன்னால் அந்தப் பெண் தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்பாள். கை தவறிவிட்டது என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தேன். ஒரு பக்கம் என்றால் தவறு. இரண்டு பக்கமும் ஒரே கால் அங்குலம் எப்படித் தவறும்?

நல்ல வேளை, கத்திரி வைக்கவில்லை. கோட்டைத் தட்டிவிட்டு, முதலில் பேப்பரில் வெட்டி வைத்துக்கொள்வோம் என்று பீரோவுக்குப் பின்னால் இருக்கும் பழைய அளவுப் பேப்பர் மூட்டையை இழுத்தேன். கல்யாண ஜாக்கெட் என்றால் பேப்பரில்தான் முதல் வெட்டு, உனக்குத் தெரியும். மூட்டையிலிருந்து முதலில் கையில் வந்தது ஒரு கிளியின் சிறகு. அதற்குப் பிறகு நான் தைக்கவில்லை. கோதுமைக் கஞ்சி வைத்து உங்கப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

நான் பொறாமைக்காரி, சாமு. இதை நீ அறிவாயா தெரியாது. உன் அம்மா கோபக்காரி என்று உனக்குத் தெரியும், வாய்க்காரி என்று தெருவுக்கே தெரியும். பொறாமையை மட்டும் நான் யாருக்கும் தெரியாமல் வைத்திருந்தேன். நீ மூன்றாம் வகுப்புப் படித்தபோது உங்கள் டீச்சருக்குத் தலையில் வைத்துக்கொள்ளத் திங்கட்கிழமைதோறும் நம் தொட்டியிலிருந்து ஒரு ரோஜா கொண்டுபோவாய். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே எந்த மொட்டு மறுநாள் விரியும் என்று குனிந்து குனிந்து பார்த்து வைப்பாய். ஒரு ஞாயிறு காலையில் நான் விரிந்தது, விரியாதது எல்லாவற்றையும் பறித்து என் தலையில் வைத்துக்கொண்டு சர்ச்சுக்குக் கிளம்பினேன். நான்கு ரோஜா. பார்க்கவே அசிங்கம். உங்கப்பா, "என்ன, இன்னிக்கி உனக்குக் கல்யாணமா?" என்றார். மறுநாள் டீச்சருக்கு நம் வீட்டு வேப்பிலைக் கொத்து ஒன்றைக் கொண்டுபோனாயாம். அந்த டீச்சர் அதையும் வாங்கி மேசையில் வைத்துக்கொண்டார்களாம். எனக்கு இன்னும் எரிந்தது.

இது சின்ன விஷயம். நான் சொல்ல வந்தது பங்களா விஷயம்.

ஓவியக் கல்லூரியை முடித்துவிட்டு நீ பல்லாவரத்தைத் தாண்டி, குன்றத்தூர் போகும் வழியில் இருந்த அந்தப் பழைய பங்களாவில் வேலைக்குச் சேர்ந்தபோது நான்தான் சர்ச்சில் எல்லோரிடமும் பெருமை பேசியவள். சானடோரியம் ஸ்டேஷனில் ரயில் ஏறி, பல்லாவரத்தில் இறங்கி, பஸ் பிடித்து, தினமும் போய் வந்தாய். பெரிய கூடத்தின் சுவருக்கு மேலே, கூரைக்குச் சற்றுக் கீழே, நான்கு பக்கமும் ஒரு முழ அகலத்துக்குக் கொடியும் கிளியுமாக ஒரு பட்டை இருந்ததாம். மேலே மேலே வெள்ளையடித்து அது மறைந்தே போயிருந்ததாம். ஆபரேஷன் கத்தி மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு சாரத்தில் படுத்தபடி சுண்ணாம்பை ஓடு ஓடாகப் பெயர்த்து, ஒரு நாளைக்கு ஒரு சாண் வெளியே கொண்டுவருவாய். வந்ததன் மேல் ட்ரேசிங் பேப்பரை ஒட்டி, கோடு மாறாமல் அப்படியே எடுத்து, எந்த இடத்தில் எந்த நிறம் என்று நுணுக்கி எழுதுவாய். சாயங்காலம் அந்த ரோலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் விரித்து மையால் வரைவாய். முடியெல்லாம் சுண்ணாம்பு. பேச்செல்லாம் கிளி. எனக்கு அதெல்லாம் பிடித்துத்தான் இருந்தது, அந்த வீட்டு அம்மா உன் பேச்சில் வர ஆரம்பிக்கும் வரைக்கும்.

சுலோச்சனா அம்மா. பிள்ளை குட்டி இல்லை, கணவர் போய்விட்டார். அந்தப் பெரிய வீட்டில் தனியாக இருந்துகொண்டு, சீரியல் ஷூட்டிங்குக்கு முன்கட்டை வாடகைக்கு விட்டு, அந்தப் பணத்தில் கூடத்தைப் பழையபடி ஆக்க ஆள் வைத்தவர்கள். நீ ஒரு தடவை என்னைக் கூட்டிக்கொண்டு போனாய், ஞாபகம் இருக்கிறதா? கண்ணாடி மாதிரி வழவழவென்றிருந்த சுண்ணாம்புச் சுவரைக் காட்டினாய். முட்டை வெள்ளைக்கரு போட்டுத் தேய்த்தது என்றாய். ஜன்னல் மேல் இருந்த பச்சைக் கண்ணாடி வழியாக வெளிச்சம் வந்து தரையில் விழுந்திருந்ததைக் காட்டினாய். நான் அதையெல்லாம் பார்க்கவில்லை. அந்த அம்மா காபி கொண்டுவந்தபோது எனக்குக் கண்ணாடி டம்ளரில் வந்தது, உனக்கு அடுப்படி அலமாரியிலிருந்து ஒரு பித்தளை டம்ளர் வந்தது. அது உன் டம்ளராம். உனக்கென்று அந்த வீட்டில் ஒரு டம்ளர். குடித்ததும் நீயே எழுந்து போய் அதைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தாய். இருபத்து மூன்று வருடத்தில் என் வீட்டில் ஒரு ஸ்பூனைக் கழுவியிருப்பாயா நீ? அந்த அம்மா என்னைப் பார்த்து, "இந்தக் கை யாரோட கைம்மா? உங்க கையா?" என்று சிரித்தபடி கேட்டார்கள். நல்ல மனசோடுதான் கேட்டிருப்பார்கள். நான், "எங்க கையெல்லாம் தையல் மெஷின் கை" என்றேன், வெடுக்கென்று.

அதற்கப்புறம் எல்லாமே கண்ணில் உறுத்தியது. நம் வீட்டுக் குளியலறைச் சுவர் ஈரத்தில் உப்பி உப்பி உதிர்ந்துகொண்டிருந்தது. "பாக்கறேம்மா" என்பாய், மாதக் கணக்கில். அந்த வீட்டுச் சுவரில் ஒரு மயிரிழை விரிசல் என்றால் நீ சாப்பிடாமல் யோசிப்பாய். வஞ்சிரம் வாங்கி வறுத்து வைத்துவிட்டு எட்டு மணி வரை உட்கார்ந்திருப்பேன். வந்து, "அங்கியே சாப்ட்டேம்மா, இன்னிக்கி அவங்க மோர்க்குழம்பு" என்பாய். மோர்க்குழம்பு! நான் வைத்தால் தொடமாட்டாய். ஒரு நாள் அடுப்படியில் இருந்தபோது, "அம்மா" என்று நீ கூப்பிடும் குரல் கேட்டது. சத்தியமாக என்னைத்தான் கூப்பிடுகிறாய் என்று, கையில் கரண்டியோடு, "என்னடா" என்று வந்து நின்றேன். நீ செல்போனில் பேசிக்கொண்டிருந்தாய். கையால் எனக்கு ஜாடை காட்டினாய், ஒன்றுமில்லை போ என்று.

சரி, இதையெல்லாம் எந்த அம்மாவும் விழுங்கிக்கொள்வாள். நானும் விழுங்கியிருப்பேன். விழுங்க முடியாமல் போனது அந்தக் கூடத்தின் வடகிழக்கு மூலையால்தான்.

அந்த மூலையில் ஒரு கிளி மட்டும் மற்றதெல்லாம் பார்க்கிற திசையைப் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்திருந்தது. ஏன் அப்படி என்று ஒரு வாரமாக உனக்கு மண்டைக் குடைச்சல். ஒரு சாயங்காலம் ட்ரேசிங்கை மேசையில் விரித்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை எனக்கு. பார்டர் வைத்துத் தைக்கிறவளுக்கு இது தெரியாதா? "ரெண்டு பேரு ரெண்டு முனையிலேர்ந்து வரைஞ்சுட்டு வந்திருக்காங்கடா. இங்க வந்து சேர்றப்ப அரைக் கிளிக்குத்தான் இடம் மிச்சம். மூட்டு தெரியக் கூடாதுன்னு கிளியத் திருப்பி உக்கார வச்சுட்டாங்க" என்றேன். என் வாழ்க்கையில் உன் வேலையைப் பற்றி நான் சொன்ன முதல் உருப்படியான வார்த்தை அது. நீ நிமிர்ந்து என்னைப் பார்ப்பாய் என்று நின்றேன். நிமிர்ந்தாய். "கரெக்ட்மா. இதையேதான் அம்மாவும் நேத்து சொன்னாங்க" என்றாய்.

எந்த அம்மா என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் நீ வேறொரு சுவரின் ரோலை எடுத்துக்கொண்டு கிளம்பினாய். மூலையின் ரோல், என் பிரவுன் பேப்பர்களோடு, பீரோவுக்குப் பின்னால் நின்றது. பங்களாவில் கூரை ஒழுகுகிறது, இங்கேதான் பத்திரம் என்று நீயே முந்தின ராத்திரி வைத்தது. அன்றைக்கு எனக்குச் சேலையூர்க் கல்யாண ஆர்டர். பிரவுன் பேப்பர் தீர்ந்துபோயிருந்தது. அது உண்மை. பேப்பர் விற்கிற கடை நான்கு வீடு தள்ளி இருந்தது. அதுவும் உண்மை. நான் ரோலை எடுத்துத் தரையில் விரித்தேன். கிளிகளை நன்றாகப் பார்த்தேன். தெரியாமல் வெட்டினேன், பழைய பேப்பர் என்று நினைத்தேன் என்று உனக்குச் சொல்ல ஒரு கதை தயாராக வைத்திருந்தேன். அந்தக் கதை வேண்டாம். தெரிந்துதான் வெட்டினேன். முன்பக்கம், பின்பக்கம், கை, பட்டி என்று ஒவ்வொன்றாக, சாயங்காலம் வரை. வெட்ட வெட்ட நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

மீன் கொண்டுவரும் அஞ்சலை தன் ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க அன்றைக்குத்தான் வந்தாள். அவள் முதுகளவை வெட்டிக்கொண்டிருந்தேன். குனிந்து பார்த்துவிட்டு, "இன்னாக்கா, பேப்பர்ல கிளியெல்லாம் கீது? எனுக்கோசரம் வரைஞ்சியா?" என்றாள். "பழைய பேப்பர்டி" என்றேன். "பயசு மாறி இல்லியே. நல்லா ஜோராக்கீதே" என்று ஒரு கிளியைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனாள். மீன்காரிக்குத் தெரிந்தது, அது பழைய பேப்பர் இல்லை என்று.

அடுத்த நாள் சாயங்காலம் நீ பீரோவைச் சுற்றிச் சுற்றி வந்தாய். "அம்மா, அந்த மூலை ரோல் எங்க?" நானும் தேடினேன். கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடினேன், பரணில் ஏறித் தேடினேன். அப்புறம் உன்னைப் பார்த்து, "நேத்து ரயில்ல வர்றப்ப கையில இருந்துச்சாடா?" என்றேன். அவ்வளவுதான் கேட்டேன். பொய் சொல்லவில்லை, கேள்விதானே கேட்டேன் என்று ஐந்து வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். உன் முகம் மாறியது. நேற்று உன் கையில் ஒரு ரோல் இருந்தது, இரண்டு இருந்ததா, எந்தச் சுவருடையது, எதை எங்கே வைத்தாய்? எல்லாம் உனக்குக் குழம்பிவிட்டது. தாம்பரம் ஸ்டேஷனுக்கு ஓடினாய். அங்கிருந்து பீச் ஸ்டேஷன் வரைக்கும் போய்க் கேட்டாய். திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, "நான்தாம்மா கோட்டை விட்டுட்டேன்" என்றாய். நான் சூடாகத் தோசை ஊற்றினேன். "சொவரு அங்கதானே இருக்கு, மறுபடி எடுத்துக்க" என்றேன். அப்போது நான் அப்படித்தான் நம்பினேன், சாமு. நான்கு நாள் வேலை கெடும், அந்த அம்மா இரண்டு வார்த்தை திட்டுவார்கள், உனக்கு அந்த வீடு கொஞ்சம் கசக்கும். எனக்கு அவ்வளவு போதுமாக இருந்தது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க அந்த மழை பெய்தது. திங்கட்கிழமை நீ போனபோது வடகிழக்கு மூலை மொத்தமும் நனைந்து, பூச்சு பாளம் பாளமாகக் கீழே விழுந்து, சாரத்துப் பலகையில் சேறாகக் கிடந்தது. கீழேயிருந்து எடுத்த போட்டோவில் பாதிக் கிளி உத்தரத்துக்குப் பின்னால். அந்த வேலையை மேற்பார்த்த ஆர்க்கிடெக்ட் சார் வேலைக்காரர்கள் முன்னால், "ஒரு பேப்பரைப் பத்திரமா வச்சுக்கத் தெரியலன்னா உனக்கெல்லாம் எதுக்குய்யா இந்த வேலை?" என்றாராம். நீ ஒருநாள் எனக்குச் சொல்லியிருந்தாய்: அத்தாட்சி இருந்தால் வரையலாம், இல்லையென்றால் நமக்குத் தோன்றியதை வரையக் கூடாது, வெறுமனே விட்டுவிட வேண்டும், அதுதான் இந்த வேலையின் ஒழுங்கு என்று. அப்படியே விட்டார்கள். கூடம் முழுக்கக் கொடியும் கிளியும் சுற்றி வருகிறது, அந்த ஒரு மூலையில் மட்டும் வெள்ளைச் சுண்ணாம்பு.

அன்றைக்கு நீ வந்து இதைச் சொன்னபோது எல்லாத் துண்டும் என் மூட்டையில் இருந்தன. கை நீட்டினால் எடுக்கலாம். முதலில் வெட்டியதை நான் கோபம் என்று சொல்லிவிடுவேன். அன்று வாயை மூடிக்கொண்டு இருந்தேனே, அதற்கு என்னிடம் பெயர் இல்லை.

அந்த அம்மாவாவது உன்னை விரட்டியிருக்கலாம். விரட்டவில்லை. நீ வேலைக்கு வரவில்லை என்றதும் ஒரு ஆட்டோ பிடித்து நம் வீட்டுக்கே வந்தார்கள். உன் பக்கத்தில் உட்கார்ந்து, "போனாப் போகட்டும்ப்பா. நாப்பது கிளி மிச்சம் இருக்கே" என்றார்கள். கிளம்பும்போது என்னிடம் ஒரு ஜாக்கெட் துணியும் அளவு ஜாக்கெட்டும் கொடுத்தார்கள். உனக்கு ஆறுதல் சொல்ல வந்த இடத்தில் எனக்கு ஒரு மரியாதையாக இருக்கட்டும் என்று கொடுத்திருப்பார்கள். அந்த அளவு ஜாக்கெட் அக்குளில் இரண்டு இடத்தில் கிழிந்து, வேறு நிற நூலால் இழை ஓட்டித் தைத்திருந்தது. அவ்வளவு பெரிய பங்களாவில் இருக்கிறவர்களுக்கு உருப்படியான ஜாக்கெட் இல்லை. அந்த இடத்தில் என் மனசு இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. அவ்வளவு இல்லாமையிலும் உன்னைத் திட்டாமல் இருக்க முடிந்ததே இந்த அம்மாவால் என்றுதான் எரிந்தது. மிச்சமிருந்த உன் ட்ரேசிங்கில்தான் அவர்களுக்கும் பின்பக்கம் வெட்டினேன்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும், என் பக்கத்துக் கதை மட்டும் தெரியாது. பழைய சுவர் ஓவியங்களைச் சரிசெய்யக் கற்றுக்கொடுக்கும் ஒரு வருடப் பயிற்சிக்கு, வடக்கே, உன் பெயரைக் கொடுத்திருந்தார்கள். அத்தனையும் நடந்த பிறகும் அதே ஆர்க்கிடெக்ட் சார் போகச் சொன்னார். நீ, "தொலைக்கிறவன் கையில எதுவும் குடுக்கக் கூடாதும்மா" என்று சொல்லிவிட்டுக் கிண்டியில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டரில் பிளான் போடும் வேலைக்குச் சேர்ந்தாய். ஆறரை மணிக்கெல்லாம் வீட்டில் இருந்தாய். வஞ்சிரம் ஆறாமல் சாப்பிட்டாய். குளியலறைச் சுவரைக்கூடப் பூசிக் கொடுத்தாய். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, சாமு. நீ கத்தியைத் தொடாமல், பென்சிலைத் தொடாமல், வாசலில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்த சாயங்காலங்களில்கூட, பக்கத்தில் உட்கார்ந்து காஜா எடுத்தபடி, என் பிள்ளை என் வீட்டில் இருக்கிறான் என்று சந்தோஷப்பட்டவள் நான்.

உங்கப்பாவுக்குத் தெரியும். ஒரு நாள் கட்டுவதற்குச் சணல் தேடியபோது மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டார். ரயில்வே கார்ஷெட்டில் இரைச்சலிலேயே வேலை பார்த்தவர், வீட்டில் அவருக்குப் பேச்சே கிடையாது. அன்றைக்கு என் எதிரில் வந்து உட்கார்ந்து, "இத நீயே சொல்லிடு. நான் சொன்னா அவன் உன்ன மன்னிக்க மாட்டான்" என்றார். அதன் பிறகு ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. மூட்டையை மட்டும் கரையான் அரிக்காமல் ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் எடுத்து வெயில் காட்டி வைத்தார். நான் ஒழித்துவிடக் கூடாது என்றும் பார்த்திருப்பார். அளவுப் பேப்பரை நான் எறிவதில்லை, பெயர் எழுதி முடிச்சுப் போட்டு வைப்பேன் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் என்னை அவர் நம்பவில்லை. சரியாகத்தான் இருந்திருக்கிறார்.

இப்போது எழுதுவதற்குக் காரணம் ஜாக்கெட் மட்டும் இல்லை. நிச்சயதார்த்தத்தன்று மோதிரப் பெட்டியை ஷீபாவிடம் கொடுத்து, "நீயே வச்சுக்க, என்கிட்ட இருந்தா தொலைஞ்சிடும்" என்று சிரித்தாய். எல்லோரும் சிரித்தார்கள். பஸ்ஸில் ஏறினால் பர்ஸை மூன்று தடவை தொட்டுப் பார்க்கிறாய். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறாய். போன ஞாயிற்றுக்கிழமை சுலோச்சனா அம்மா கல்யாணப் பத்திரிகை கிடைத்தது என்று போன் செய்தார்கள். மாடி அறைச் சுவரிலும் ஏதோ வரைந்திருப்பது சுண்ணாம்புக்கு அடியில் தெரிகிறதாம், நீ வந்து பார்க்க வேண்டுமாம். நான் வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். "என் கைய நம்பாதீங்கம்மா. வேற யாரையாவது பாருங்க" என்றாய். அதை நீ அழுதுகொண்டு சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஏதோ உன் வீட்டு விலாசம் சொல்வது மாதிரி சொன்னாய். அவ்வளவு நிச்சயமாக உனக்கு அது தெரிந்திருந்தது.

அந்த நிச்சயம் நான் கொடுத்தது. அதைத்தான் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும்.

இன்று காலை நீ ஆபீசுக்குப் போனதும் நானும் அப்பாவும் மூட்டையை ஹாலில் பிரித்தோம். மொத்தம் இருபத்தோரு துண்டு. அஞ்சலை பின்பக்கம், சேலையூர் மணப்பெண் இடது கை, சுலோச்சனா அம்மா பின்பக்கம் என்று என் கையெழுத்து, பக்கத்திலேயே பச்சை, வெளிர்ப் பச்சை, செங்கல் சிவப்பு என்று உன் கையெழுத்து. கொடியைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தோம். அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தரையில் தவழ்ந்தார். சேர்ந்ததை ஒரு மல் துணியில் வைத்து ஓரம் ஓரமாக நூல் ஓட்டியிருக்கிறேன். பசை போடவில்லை, வேண்டுமானால் நூலை இழுத்துவிட்டுப் பிரித்துக்கொள்ளலாம். இடையில் துண்டு விழுந்த கீற்றுகள் அப்போதே குப்பைக்குப் போய்விட்டன. கொடியில் அங்கங்கே விரல் அகலத்துக்கு இடைவெளி இருக்கிறது. திரும்பி உட்கார்ந்த அந்தக் கிளிக்கு உடம்பு இருக்கிறது, வால் இருக்கிறது, சிறகு இருக்கிறது. தலை இல்லை. அது ஒரு பின்கழுத்து வட்டத்தில் போயிற்று. யாருடைய பின்கழுத்து என்று எழுதியிருக்கிறது, சுலோச்சனா அம்மாவுடையது. தலையை உன் மனசிலிருந்து வரையாதே. அதை நான் வெட்டியபடியே விட்டுவிடு.

கல்யாணத்துக்கு முன்னால் பிள்ளைக்குப் புத்தி சொல்வது வழக்கம். எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? இருந்தாலும் ஒன்றிரண்டு சொல்கிறேன், பட்டவள் என்பதற்காக. ஷீபாவிடம் யாரையாவது பற்றி உனக்கு வயிறு எரிந்தால், "எனக்கு வயிறு எரியுது" என்று வாயைத் திறந்து சொல்லிவிடு. சிரிப்பாள். சிரித்தால் சிரிக்கட்டும், அது கத்திரியைவிட மேல். வீட்டுக்குள் நுழைந்ததும் அன்றைக்கு நடந்ததை முதலில் அவளிடம் சொல், அப்புறம் என்னிடம் சொல். இதை எழுத எனக்குக் கை வரவில்லை, பார், எழுத்து எப்படிக் கோணியிருக்கிறது. அவள் சமைத்ததைச் சாப்பிடும்போது என் குழம்பைப் பற்றிப் பேசாதே. என்றாவது அவள் உன்னிடம் வந்து, "அத்தை வேணும்னே இப்படிப் பண்ணிட்டாங்க" என்று சொன்னால், அம்மா அப்படிப்பட்டவள் இல்லை என்று என் பக்கம் பேசாதே. நான் அப்படிப்பட்டவள்தான். பெரும்பாலும் அவள் சொல்வது சரியாக இருக்கும்.

அவள் ஜாக்கெட்டை இன்று மத்தியானம் மறுபடி கோடு போட்டு வெட்டிவிட்டேன். அளவு ஜாக்கெட்டில் இருப்பதைவிடக் கைக்குக் கொஞ்சம் தாராளமாகவே விட்டிருக்கிறேன். நன்றாகக் கையைத் தூக்கி மாலை போடட்டும். சுலோச்சனா அம்மாவிடம் நானே போய்ச் சொல்கிறேன், நீ சொல்ல வேண்டாம். அந்தப் பித்தளை டம்ளரைப் பார்த்தால் எனக்கு மறுபடி எரியும். எரிந்துவிட்டுப் போகிறது, இந்த வயதில் அது எங்கே போகப் போகிறது? நீ அவர்களுக்குப் போன் செய்து மாடி அறைக்கு வருகிறேன் என்று மட்டும் சொல்.

இந்தக் கடிதத்தை உன் கல்யாணக் கோட்டுக்கு அடியில் அந்தத் துணிச் சுருளின் மேல் வைக்கிறேன். படித்துவிட்டு என்னோடு எத்தனை நாள் பேசாமல் இருக்க வேண்டுமோ இரு. நான் "சாப்பிட்டியா" என்று கேட்டுக்கொண்டுதான் இருப்பேன். பதில் சொல்லாவிட்டாலும் தட்டு வைப்பேன். ஆனால் மனைவியோடு ஒரு வீட்டுக்குள் போவதற்கு முன்னால் உனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். நீ எதையும் ரயிலில் விடவில்லை. நீ எதையும் தொலைக்கிறவன் இல்லை. அன்றைக்கு அந்த ரோலை நீ பத்திரமாகத்தான் கொண்டுவந்து வைத்தாய், சாமு. வைத்த இடத்தில்தான் நான் இருந்தேன்.

உன் அம்மா